டிக்கெட் வாங்கிக் கேட்ட குரல்: ஹீராபாய் படோதேகரின் தொடக்க ஆண்டுகள்

இந்துஸ்தானி இசைக் கலைஞர்களின் இளமைக்காலத்தைச் சொல்ல வரும்போது நமக்குப் பழகிப்போன கதை ஒன்று உண்டு. பையனுக்கு இசைமேல் தீராத பித்து. வீட்டில் அதற்கு இடமில்லை. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறிவிடுகிறான். ஊர் ஊராக அலைந்து குருவைக் கண்டடைகிறான். பீம்சேன் ஜோஷியின் வாழ்க்கை இந்தக் கதைக்கு இலக்கணமாகவே அமைந்தது. 1922இல் பிறந்தவர், 1933இல், பதினொரு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பினார். டிக்கெட் இல்லாமல் ரயில்களில் பாடிக்கொண்டே குவாலியர், கல்கத்தா, ஜலந்தர் என்று சுற்றி, கடைசியில் சொந்த ஊருக்குப் பக்கத்துக் குந்த்கோலில் சவாய் கந்தர்வரிடம் வந்துசேர்ந்தார். பிறகு புணேயில் குடியேறி, குரு மறைந்த மறு ஆண்டு, 1953இல், அங்கே அவர் தொடங்கிவைத்த இசைவிழா இன்றும் நடக்கிறது. கதையில் பொய்யில்லை. ஆனால் அதே கிரானா கரானா என்ற இசை மரபைச் சேர்ந்த, அதே புணேயில் பெயரெடுத்த, அவருக்குப் பதினேழு ஆண்டு முன்னால் பிறந்த ஹீராபாய் படோதேகருக்கு இந்தக் கதை பொருந்தாது. பதினொரு வயதுப் பெண் தனியாக ரயிலேறியிருந்தால் ஊர் அதைக் கலைத்தாகம் என்று சொல்லியிருக்காது. டிக்கெட் இல்லாமல் ரயிலேறிய பையனைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. டிக்கெட் விற்றுப் பாடிய பெண்ணைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலின் இனிமை, குணத்தின் அடக்கம் என்ற இரண்டு பாராட்டுகளோடு நிறுத்திக்கொள்கிறோம். இரண்டும் உண்மையே, இரண்டும் எதையும் விளக்குவதில்லை. இசைக்குக் காசு கொடுப்பவர் யார், எந்த இடத்தில், யார் கண்ணெதிரே கொடுக்கிறார் என்பது அந்தக் காலத்தில் மாறியது. அந்த மாற்றத்தை ஒரு தாய் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டதுதான் ஹீராபாயின் தொடக்க ஆண்டுகளின் சாரம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

குடும்பத்திலிருந்து தொடங்க வேண்டும். உத்தரப் பிரதேசத்துக் கைரானாவிலிருந்து வந்த அப்துல் கரீம் கான் பரோடா அரண்மனையில் பாடகராக இருந்தவர். அரச குடும்பத்தோடு உறவுள்ள மராட்டியச் சர்தார் குடும்பத்துப் பெண் தாராபாய் மானே அவரிடம் இசை கற்றார். இருவரும் ஊரைவிட்டு வெளியேறி மணந்துகொண்டார்கள். அவர்களுடைய ஐந்து குழந்தைகளில் இரண்டாவது, 1905இல் மிரஜில் பிறந்த ஹீராபாய். அப்துல் கரீம் கானைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மைசூர் அரண்மனையிலும் சென்னையிலும் விரும்பிக் கேட்கப்பட்டவர். தியாகராஜர் கீர்த்தனையை இசைத்தட்டில் பாடியவர். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில் உயிர்விட்டவர். ஆனால் மகளின் கதைக்கு அவருடைய பாட்டைவிட அவர் நடத்திய பள்ளிதான் முக்கியமானது. 1913இல் புணேயில் அவர் ஆரிய சங்கீத வித்யாலயத்தைத் தொடங்கியபோது ஹீராபாய்க்கு எட்டு வயது. அது மாணவர்கள் தங்கி, உண்டு, கற்ற பள்ளி. அதை நடத்த வேண்டிய பணத்தைக் கான் கச்சேரிகள் மூலமே திரட்டினார். ஒரு வீடே பள்ளியாக இருக்கலாம், அந்தப் பள்ளிக்கு ஊர்ப்பொதுமக்கள் படியளக்கலாம், அரசரையோ ஜமீன்தாரையோ மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதை அந்தக் குழந்தைகள் எவரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, அதற்குள்ளேயே வளர்ந்தார்கள்.

1920களின் தொடக்கத்தில் அந்த வீடு உடைந்தது. தாராபாய் ஐந்து குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கணவரைப் பிரிந்தார். குழந்தைகளின் பெயர்கள் மாறின. அப்துல் ரஹ்மான் என்ற மூத்த மகன் சுரேஷ்பாபு மானே ஆனார். வீட்டில் சம்பாகலி என்று அழைக்கப்பட்டவர் ஹீராபாய் ஆனார். சகீனா என்ற கடைக்குட்டி சரஸ்வதி ஆனார். பின்னாளில் சரஸ்வதி ராணே என்று அறியப்பட்டவர் அவர்தான். ‘படோதேகர்’ என்ற பெயர் தாயின் ஊரான பரோடாவை அடையாளம் காட்டியது. இந்தப் பெயர்மாற்றத்தின் விலையைப் பின்னால் பேச வேண்டும். இப்போது தாராபாயின் நிலையை மட்டும் பார்ப்போம். கையில் நிலபுலன் இல்லை. தாய்வீட்டுக்குத் திரும்பிப்போகும் வழி இல்லை. ஐந்து பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரே தொழில் இசை. மகன் பாடிப் பிழைத்தால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. மகள்கள் பாடினால்தான் கேள்வி எழும்.

அந்தக் கேள்வி இசையைப் பற்றியதே அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்கிந்தியாவிலும் சரி, தமிழகத்திலும் சரி, பெண்ணின் பாட்டைக் கேட்கச் சமூகம் ஒருநாளும் தயங்கியதில்லை. 1902இல் கல்கத்தாவில் இசைத்தட்டு நிறுவனம் முதன்முதலாகப் பதிவுசெய்யத் தொடங்கியபோது கௌஹர் ஜானின் குரலைத்தான் தேடிப்போனது. சென்னையில் வீணை தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமை வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்வான்கள் காத்திருந்தார்கள். களங்கம் என்று கருதப்பட்டது பாட்டல்ல, பாட்டுக்குக் காசு வந்த வழி. செல்வந்தர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் அவருடைய விருந்தாளிகளுக்காகப் பாடுவது, அவர் விருப்பப்படி கொடுப்பதை வாங்கிக்கொள்வது, அந்தக் கொடுக்கல்வாங்கலில் பாட்டுக்கு அப்பாற்பட்ட உரிமை ஒன்றும் அவருக்கு இருப்பதாக ஊர் எண்ணிக்கொள்வது என்ற அமைப்பே பாடகிக்கு ஒரு பெயரைச் சூட்டியது. அந்தத் தலைமுறையின் பெரிய பாடகிகள் ஒவ்வொருவரும் இந்த அமைப்போடு ஏதோ ஒரு வகையில் மல்லுக்கட்டினார்கள். கோவாவிலிருந்து வந்த கேசர்பாய் கேர்கருக்குப் பெரும் புரவலர்களின் துணை இருந்தது. மோகுபாய் குர்டீகர் நாடகக் குழுவில் தொடங்கி அல்லாதியா கானிடம் வந்துசேர்ந்தார். கங்குபாய் ஹங்கல் ஹூப்ளியிலிருந்து குந்த்கோலுக்கு ரயிலில் போய்வந்து கற்றார். பிறந்த குலத்தின் பெயரால் அவர் பட்ட அவமானங்கள் பலரும் அறிந்தவை. ஹீராபாயின் தாய் கண்ட வழி இவற்றிலிருந்து வேறுபட்டது. புரவலர் ஒருவர் இருந்த இடத்தில் முகம் தெரியாத பலரை உட்காரவைப்பதே அந்த வழி.

அப்படிப்பட்ட பலர் அன்று எல்லா ஊரிலும் கிடைத்திருக்க மாட்டார்கள். புணேயில் கிடைத்தார்கள், அதற்கு அரை நூற்றாண்டுப் பின்னணி இருந்தது. நன்மக்கள் என்று தம்மைக் கருதிக்கொண்டோரிடையே இசைப் பயிற்சியையும் ரசனையையும் வளர்ப்பதற்காகப் பூனா காயன் சமாஜ் 1874இல் அங்கே தோன்றியது. 1883இல் அது சென்னையிலும் கிளை திறந்தது என்பது, சபாக்களின் வரலாற்றைச் சென்னையிலிருந்தே தொடங்கிப் பழகிய நமக்குச் சற்று வியப்பூட்டும் செய்தி. 1880இல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் சாகுந்தலம் அதே ஊரில் மேடையேறியது. அதிலிருந்து கிளைத்த மராத்தி சங்கீத நாடகம், ராகப்பாட்டைக் காசு கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி மக்களோடு கேட்கலாம் என்று நடுத்தர வர்க்கத்தைப் பழக்கியது. பெண்கல்வியிலும் ஊர் முந்திக்கொண்டிருந்தது: 1848இல் ஃபுலே தம்பதியரின் பள்ளி, 1880களில் ஹுஜூர்பாகா பெண்கள் உயர்நிலைப் பள்ளி, 1916இல் கார்வேயின் பெண்கள் பல்கலைக்கழகம். இத்தனைக்கும் நடுவில் ஒரு முரண் நின்றது. அந்த ஊர் கொண்டாடிய நாயகிகள் எல்லோரும் ஆண்கள். 1913இல் கந்தர்வ நாடக மண்டலி தொடங்கியதிலிருந்து பெண்வேடத்தில் பால கந்தர்வர் அணிந்த சேலையைப் பார்த்து மராத்திப் பெண்கள் சேலை கட்டக் கற்றார்கள். அவர் பாடிய பாட்டை வீட்டில் முணுமுணுத்தார்கள். பெண்ணின் பாட்டுக்குச் சந்தை ஆயத்தமாகிவிட்டது. மேடையில் பெண்தான் இல்லை. தாராபாய் வந்து நின்றது இந்த இடைவெளியில்.

மேடைக்கு முன்னால் பயிற்சி. தந்தையிடம் ஹீராபாய் நேரடியாகக் கற்றது சொற்பம். முதல் ஆசிரியர் அண்ணன் சுரேஷ்பாபு. பிறகு தந்தையின் உறவினரும் கிரானா மரபின் மற்றொரு தூணுமான அப்துல் வாஹீத் கான் கற்பித்தார். காது மந்தமானதால் ‘பெஹ்ரே’ என்ற அடைமொழியோடு அறியப்பட்ட அவர், ஒரு ராகத்தை மணிக்கணக்கில், ஒவ்வொரு சுரமாக, அவசரமே இல்லாமல் விரிக்கும் விளம்பக் கயாலின் ஆசான். குடும்பம் இரண்டாகப் பிரிந்த பிறகும் கரானாவின் வித்தை தாய்வழிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. பதினாறு வயதையொட்டி ஹீராபாய் பம்பாயில் விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் காந்தர்வ மகாவித்யாலய மேடையில் பாடினார். அந்த மேடையைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. 1901இல் லாகூரில் தொடங்கிப் பம்பாய்க்கு வந்த அந்தப் பள்ளி, இசையைக் கேளிக்கையின் பக்கத்திலிருந்து பக்தியின் பக்கத்துக்கு நகர்த்துவதைத் தன் பணியாகக் கொண்டிருந்தது. தொழில்முறைப் பாடகிகள் வழக்கமாக ஏறாத இடம் அது. இளம்பெண் அங்கே பாடினாள் என்றால், அவள் எந்த வரிசையில் வைக்கப்பட வேண்டியவள் என்பதைக் கேட்போருக்கு அந்த மேடையே சொல்லிவிட்டது. தாராபாய் தானும் புணேயில் நூதன சங்கீத வித்யாலயத்தை நடத்தினார். கணவரின் பள்ளி கற்றுத்தந்த பாடத்தைக் கணவரைப் பிரிந்த பின் அவர் தன் பெயரில் செயல்படுத்தினார். பாடகி தனிப்பெண்ணாக அறியப்படாமல் ஒரு பள்ளியின் முகமாக அறியப்பட்டார்.

பொது அரங்கில் டிக்கெட் வைத்துக் கச்சேரி செய்த முதல் பெண் என்று இந்துஸ்தானி இசை வரலாறு ஹீராபாயைத்தான் குறிக்கிறது. ‘முதல்’ என்ற பட்டங்களில் எப்போதும் சண்டைக்கு இடமுண்டு. அதைவிடக் கருதத்தக்கது அவர் பாடிய முறை. உடலை அசைக்காமல், கையால் பாவம் காட்டாமல், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி, தம்பூராக்களுக்கு நடுவே நேராக உட்கார்ந்து பாடினார். கூடங்களில் தும்ரிப் பாட்டின் உயிராகக் கருதப்பட்ட கண்ணும் கையும் பேசும் அபிநயத்தை விட்டுவிட்டார். சொல்லின் பொருளையெல்லாம் குரலே சுமந்தது. இதை அடக்கம் என்ற குணமாக மட்டும் படித்தால் பாதியை இழக்கிறோம். காசு கொடுத்தவர் ஒருவரல்ல, முந்நூறு பேர் என்னும்போது பாடகியின் கண் யாரையும் தனித்துப் பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது. உடலின் அந்த அசைவின்மை, பணம் வந்த வழி மாறியதன் வெளித்தோற்றம். கர்நாடக இசையில் பெண்குரல் குறித்து ஆராய்ந்த அமந்தா வைட்மன், 2006இல் வெளியான நூலில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாடகியின் உடல் மேடையில் ஒடுங்க ஒடுங்கக் குரலே ‘இயல்பானது’, ‘தூயது’ என்று உயர்த்தப்பட்டதைக் காட்டியிருக்கிறார். தமிழ்நாட்டில் நாம் பார்த்த அதே நகர்வு, ஏறக்குறைய அதே ஆண்டுகளில், புணேயிலும் நடந்திருக்கிறது.

இசைத்தட்டு இந்த நகர்வை முழுமையாக்கியது. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சில நொடிகளும்தான். அங்கே உடலுமில்லை, கூடமுமில்லை, கேட்பவர் யார் என்று பாடுபவருக்குத் தெரியப்போவதுமில்லை. 1920களில் பதிவாகத் தொடங்கிய ஹீராபாயின் தட்டுகள் மராத்தி வீடுகளுக்குள், பாடகி ஒருத்தி நேரில் நுழைய முடியாத அடுப்பங்கரை வரைக்கும் போயின. வாஹீத் கானிடம் ஒரு ராகத்துக்கு மணிக்கணக்கில் பாடக் கற்றவர், அதே ராகத்தின் முகத்தை மூன்று நிமிடத்தில் காட்டியாக வேண்டியிருந்தது. எதை விடுவது, எதை வைப்பது என்ற தேர்வு அவருடைய பாணியையே வடித்தது: சுருதியில் இம்மி பிசகாத நின்று ஒலிக்கும் சுரம், தெளிவான உச்சரிப்பு, அளவான தான். கூடவே கயாலோடு நிறுத்திக்கொள்ளாமல் தும்ரி, பஜன், மராத்தி நாடகப்பாட்டு எல்லாவற்றையும் ஒரே மாலையில் பாடும் வழக்கமும் வளர்ந்தது. டிக்கெட் வாங்கிய கூட்டத்தில் பண்டிதரும் இருப்பார், பால கந்தர்வர் பாட்டுக்காக வந்த குடும்பமும் இருக்கும். இருவருக்கும் கணக்குத் தீர்க்க வேண்டும்.

இந்த உத்தி எங்கே தோற்றது என்பதும் சான்றுதான். 1920களின் இறுதியில் தாராபாயும் பிள்ளைகளும் வித்யாலயத்தின் நாடகக் கிளையைத் தொடங்கினார்கள். பெண் பாத்திரங்களைப் பெண்களே ஏற்று, ஆண்களோடு சேர்ந்து மேடையேறிய குழு அது. பால கந்தர்வரின் ஊரில் ஹீராபாய் நாயகியாக நடித்தார். 1933இல் நாட்யமன்வந்தர் குழுவின் ‘ஆந்தள்யாஞ்சி ஷாளா’வில் பெண்கள் நடித்ததை மராத்தி நாடகத்தின் திருப்பமாக எழுதுவார்கள், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் குடும்பம் முயன்று பார்த்திருந்தது. ஆனால் குழு கடனில் மூழ்கி மூடப்பட்டது. பேசும்படம் வந்து நாடகக் கொட்டகைகளைக் காலிசெய்துகொண்டிருந்த காலம் என்பது ஒரு காரணம். என் வாதத்துக்கு உதவும் வேறொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். கச்சேரி மேடையில் பாடகி தானாகவே உட்கார்ந்திருக்கிறாள். அவள் தன் உடலைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம். நாடகத்தில் நாயகி காதலிக்க வேண்டும், ஊட வேண்டும், நாயகனைப் பார்த்து நாண வேண்டும். ஆண் பெண்ணாக நடித்தபோது கலையாகத் தெரிந்தது, பெண் பெண்ணாக நடித்தபோது பலருக்கு அத்துமீறலாகத் தெரிந்தது. டிக்கெட் எல்லாவற்றையும் கழுவிவிடும் புனித நீர் அல்ல. அசையாத உடல் என்ற நிபந்தனையோடுதான் அது வேலை செய்தது. நாடகம் மூழ்கிய பின் குடும்பத்தைத் தாங்கியது ஹீராபாயின் கச்சேரிகளே.

இவ்வளவையும் ஒரே வரியில் மறுத்துவிடலாம் என்று தோன்றும்: பேச்செல்லாம் எதற்கு, அப்துல் கரீம் கானின் மகள், ரத்தத்தில் ஊறிய குரல், எந்த ஏற்பாடும் இல்லாவிட்டாலும் வெளியே வந்திருக்கும். திறமை இல்லாமல் எந்த ஏற்பாடும் பாடகியை உருவாக்காது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே ரத்தம் ஐந்து பேருக்கும் ஓடியது. சுரேஷ்பாபுவை அறிந்தவர்கள் இசை நுட்பத்தில் அவரைத் தங்கையைவிடக் குறைத்து மதித்ததில்லை. பலர் ஒரு படி மேலே வைத்தார்கள். 1953இல் மறைந்த அவர் பெரிதும் ஆசிரியராகவே நினைவுகூரப்படுகிறார். பெயர் நிலைத்தது தங்கைக்கு. திறமை மட்டுமே காரணமென்றால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கமில்லை. ஆன்மாவிலிருந்து நேரே கொட்டுவதாகச் சொல்லப்படும் பிற இசைகளிலும் இதே நிலைதான். அமெரிக்க ‘சோல்’ இசையின் பெருங்குரலான அரேத்தா ஃபிராங்ளினை எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட்டில் புகழ்பெற்ற பிரசங்கியான தந்தையின் தேவாலயத்தில் பாடி வளர்ந்து, 1956இல், பதினான்கு வயதில் அங்கேயே பதிவாகி, 1960இல் கொலம்பியா நிறுவனத்துக்குப் போனார். அதே குரல், அங்கிருந்த ஆண்டுகளில் கிடைக்காத வெற்றியை, அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறியதும் 1967இல் பெற்றது. குரல் மாறவில்லை, அதைச் சூழ்ந்த ஏற்பாடு மாறியது. அரேத்தாவுக்குத் தொடக்க ஏற்பாட்டைத் தந்தை செய்தார். ஹீராபாய்க்குத் தந்தையைப் பிரிந்த வீட்டில் தாய் செய்தார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. டிக்கெட் புதிதல்ல, நாடகத்தில் இருந்தது, பலுஸ்கரே டிக்கெட் வைத்துப் பாடியிருக்கிறார். மேலும் தாராபாய் சர்தார் குடும்பத்துப் பெண். பரம்பரைப் பாடகிக் குலத்தில் பிறந்தவர்களோடு அவர் மகளை ஒப்பிடலாமா, பிறப்பின் பாதுகாப்பு அவருக்கு இருந்ததல்லவா? முதற்பகுதியை ஏற்கிறேன். புதியது டிக்கெட் அல்ல, எந்தக் கதாபாத்திரத்தின் மறைவும் இல்லாமல் ஒரு பெண் தன் பெயரிலேயே கயால் பாட அதை விற்றது. இரண்டாவது பகுதி நடப்பை அறியாதது. சர்தார் மகள் முஸ்லிம் பாடகரோடு போய்விட்டார், பிறகு அவரையும் பிரிந்து பிள்ளைகளோடு தனியே நின்றார் என்பது 1920களின் புணேயில் பாதுகாப்பு அல்ல, கூடுதல் சுமை. பாடும் பெண்ணை எந்தக் கூட்டில் அடைப்பது என்று ஊர் முடிவுசெய்ய அவள் பாட்டனின் பட்டம் போதுமான சான்றாக இருந்ததில்லை. அதனால்தான் பள்ளி, மேடை, உடை, உட்காரும் முறை என்று இத்தனை ஏற்பாடுகள் தேவைப்பட்டன. குலமே காப்பாற்றியிருக்குமானால் இவை எதுவும் வேண்டியிருந்திருக்காது.

மூன்றாவது மறுப்புக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இந்த மதிப்பு என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதே அந்தக் கேள்வி. சம்பாகலி ஹீராபாய் ஆனதும் சகீனா சரஸ்வதி ஆனதும் வெறும் வீட்டு விவகாரங்கள் அல்ல. பலுஸ்கர், பாத்கண்டே காலத்து இசைச் சீர்திருத்தம், வித்தையை வைத்திருந்த முஸ்லிம் கலைஞர்களை ஓரங்கட்டியபடியே இசையைத் தேசத்தின் சொத்தாக்கியது என்று வரலாற்றாசிரியர் ஜானகி பாக்லே 2005இல் வெளியான நூலில் வாதிட்டார். அந்தப் பின்னணியில் இந்தப் பெயர்களையும் படிக்க வேண்டியிருக்கிறது. பாடகிகளுக்கும் இதுவே நேர்ந்தது. 1946க்குப் பிறகு தகவல் ஒலிபரப்புத் துறையைக் கவனித்த வல்லபபாய் படேலின் காலத்தில், தனிவாழ்க்கை ஊரறிந்த பழிக்குரியதாகக் கருதப்பட்ட பாடகிகளுக்கு வானொலியின் கதவு சாத்தப்பட்டது. ஒரு சிலர் உள்ளே வர வர, அந்த வரவே மற்றவர்களை வெளியே நிறுத்தும் அளவுகோலாயிற்று. தமிழர்களுக்கு இது தெரிந்த வரலாறு. மதுரையில் வீணை சண்முகவடிவின் மகளாகப் பிறந்து பத்து வயதில் இசைத்தட்டில் பாடிய எம்.எஸ். சுப்புலட்சுமி, சென்னைக்கு வந்து, 1940இல் சதாசிவத்தை மணந்து, தேசத்தின் பக்திக் குரலாக உயர்ந்தார். அதே காலத்தில் இசைவேளாளர் குலத்தின் எத்தனையோ பாடகிகள் மேடையிழந்தார்கள். 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்த சென்னை மாகாணச் சட்டம் ஒரு கொடுமைக்கு முடிவு கட்டியது; அந்தக் குலத்துக் கலைஞர்களுக்கு மாற்றுமேடை அமைத்துத் தரும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. ஹீராபாயின் வெற்றியை விடுதலையின் கதையாக மட்டும் எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறார்கள்.

ஆயினும் இந்த மறுப்பு என் வாதத்தைக் குலைப்பதில்லை, அதைச் செம்மைப்படுத்துகிறது. நிபந்தனைகளை விதித்தவர் தாராபாய் அல்லர். ஐந்து பிள்ளைகளோடு தனித்து நின்ற பெண் இருந்த சந்தையில் இருந்த விதிகளுக்கு உட்பட்டு ஆடினார். அந்த விதிகளுக்காக அவரைக் குற்றஞ்சாட்டுவதும், அந்த விதிகளை அவருடைய மகளின் இயற்கைக் குணமாக மாற்றிப் புகழ்வதும் ஒரே தவறின் இரண்டு முனைகள். ‘அடக்கமான பாடகி’ என்று பாராட்டும்போது, அடங்காத பாடகிகளை மறைமுகமாக ஏசுகிறோம். அந்த அடக்கம் கணக்கிட்டுக் கட்டப்பட்டது, அதற்கொரு தேவை இருந்தது என்று சொல்லும்போதுதான் இரு தரப்புக்கும் நியாயம் செய்கிறோம்.

இசையே நலிந்துவிட்டது என்பாரும் உண்டு. வாஹீத் கானின் ஆழம் சுருங்கியது, கூட்டத்துக்காக இனிப்புச் சேர்க்கப்பட்டது, பஜனும் நாடகப்பாட்டும் கயாலின் இடத்தைத் தின்றன என்பது அவர்கள் குறை. இதே குற்றச்சாட்டு தெற்கே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மீதும் வைக்கப்பட்டது. நீண்ட பல்லவிகளின் காலத்தை முடித்து, பல உருப்படிகள் கொண்ட கச்சேரிப் பத்ததியை அவர் நிலைநிறுத்தியதும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த சபாக் கூட்டத்துக்காகத்தான். இழப்பு உண்மை. ஆனால் சுருக்கம் என்பது எப்போதும் நீர்த்துப்போதல் ஆகாது. கிரானாவின் உயிர்நாடியான சுரத்தூய்மையை ஹீராபாய் விட்டுக்கொடுக்கவில்லை. அபிநயம் நீங்கிய தும்ரியில் அந்தத் தூய்மைக்குப் புதிய பொறுப்பு வந்தது. முன்பு கண்ணும் கையும் பகிர்ந்துகொண்ட வேலையையும் சுரமே செய்ய வேண்டியதாயிற்று. உருக்கம் என்று கேட்பவர்கள் சொன்னது இந்த நெருக்கடியில் பிறந்தது.

விளைவுகளைக் கொண்டும் ஒரு தொடக்கத்தை மதிப்பிடலாம். 1926இல் புணேயில் பிறந்த மாணிக் வர்மாவும், 1932இல் அதே ஊரில் பிறந்து சட்டமும் அறிவியலும் படித்த பிரபா ஆத்ரேயும் சுரேஷ்பாபு, ஹீராபாய் இருவரிடமும் கற்றவர்கள். நடுத்தர வீட்டுப் பெண் கல்லூரியிலும் படிக்கலாம், கயாலும் பாடலாம் என்பது அவர்கள் காலத்தில் விவாதத்துக்குரிய செய்தியாக இல்லை. தங்கை சரஸ்வதி ராணே 1943இல் ‘ராம் ராஜ்ய’ படத்துக்குப் பாடிய பாட்டு நாடெங்கும் ஒலித்தது. பிற்காலத்தில் அக்காளும் தங்கையும் சேர்ந்து ஒரே மேடையில் கயால் பாடினார்கள். 1965இல் சங்கீத நாடக அகாதமி விருதும் 1970இல் பத்ம பூஷணும் ஹீராபாய்க்கு வந்தன. 1989இல் அவர் காலமானார். அரசின் இந்த அங்கீகாரங்கள், அரை நூற்றாண்டு முன்பே டிக்கெட் வாங்கியவர்கள் கொடுத்துவிட்ட ஒன்றைத் தாமதமாக உறுதிசெய்தன.

ஆகவே, பாடகர்களின் இளமைக்கால வரலாற்றை எழுதும்போது குரு யார், ராகம் எது, முதல் மேடை எங்கே என்று கேட்பதோடு கணக்கையும் கேட்க வேண்டும்: பாட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது, கொடுத்தவருக்குப் பாடியவர்மேல் என்ன உரிமை இருந்தது, அந்த ஏற்பாட்டைச் செய்தவர் யார், அதனால் வெளியே நின்றவர்கள் யார். ஓடிப்போன பையன்களின் கதைகளில் இந்தக் கேள்விகள் எழுவதில்லை. ரயிலும் வழிப்போக்கர்களின் கருணையும் அவற்றை மறைத்துவிடுகின்றன. பெண்களின் கதையில் அவற்றைத் தவிர்க்கவே முடியாது. கேட்டுப் பார்த்தால், இந்துஸ்தானி இசையின் நவீன மேடையை வடித்தவர்களின் பட்டியலில் உஸ்தாதுகளோடும் பண்டிதர்களோடும் தாராபாய் மானேயின் பெயரும் சேரும். அவர் ராகம் எதையும் புதிதாக உருவாக்கவில்லை; ஒரு பெண் தன் பெயரில் பாடி, ஒருவருக்கும் கடன்படாமல் வீடு திரும்பக்கூடிய ஏற்பாட்டை உருவாக்கினார். இசை வரலாறு இதையும் படைப்பு என்றே கணக்கிட வேண்டும்.